மறைக்க வேண்டியது யாரிடமிருந்து? மருத்துவர் ராஸியின் ஒரு கூற்றை மீளப் படித்தல்

அரபு மருத்துவ இலக்கியத்திலிருந்து நம் காலத்தில் அடிக்கடி எடுத்தாளப்படும் கூற்றுகளுள் ஒன்று அபூபக்ர் முஹம்மது இப்னு ஸகரிய்யா அர்ராஸியுடையது. ரய் நகரிலும் பக்தாதிலும் மருத்துவமனைகளுக்குத் தலைமை வகித்து, ஹிஜ்ரி 313 (கி.பி. 925) அளவில் மறைந்தவர் அவர். திருக்குர்ஆன் விரிவுரையாளரான இமாம் ஃபக்ருத்தீன் ராஸி (ரஹ்) வேறு, இவர் வேறு. ஹிஜ்ரி 668இல் (கி.பி. 1270) மறைந்த இப்னு அபீ உஸைபிஆ, மருத்துவர்களின் வரலாற்றைத் தொகுத்த 'உயூனுல் அன்பா' என்னும் பெருநூலில் இக்கூற்றைப் பதிவு செய்திருக்கிறார். அதன் கருத்து இது: நலம் திரும்பும் என்ற எண்ணத்தையே மருத்துவர் நோயாளிக்கு எப்போதும் ஊட்ட வேண்டும், தமக்கு அதில் உறுதி இல்லாதபோதும் நம்பிக்கை அளிக்க வேண்டும், ஏனெனில் உடலின் தன்மை உள்ளத்தின் நிலையைப் பின்தொடர்வது.

உடலுக்கும் உள்ளத்துக்கும் உள்ள உறவை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கண்டுரைத்தவர் என்று ராஸியைப் பாராட்டுகிறோம். பாராட்டு தகும். ஆனால் பாராட்டோடு நாம் நிற்பதில்லை. அக்கூற்றிலிருந்து ஒரு சட்டத்தையும் வகுத்துக்கொள்கிறோம். கொடிய நோயை நோயாளியிடம் மறைப்பதே இஸ்லாமிய மருத்துவ மரபு என்றும், உண்மையைச் சொல்வது மேற்கிலிருந்து வந்த வழக்கம் என்றும் பேசுகிறோம். இம்முடிவு ராஸியின் சொற்களுக்கும் பொருந்தாது, ஷரீஅத்தின் போக்குக்கும் பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் வாதம். பிறர் செய்த பிழையைச் சுட்டுவதற்காக மட்டும் இதை எழுதவில்லை. இப்பிழையை நானே செய்திருக்கிறேன்.

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்னர் என் தகப்பனாருக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று மருத்துவர் கண்டறிந்தார். அதை அவர் வாப்பாவிடம் சொல்லவில்லை. சகோதரர்கள் மூவரையும் வெளியே அழைத்து, மருத்துவமனைத் தாழ்வாரத்தில் போவோர் வருவோர் கேட்க, இன்னும் சில மாதங்கள்தாம் என்றார். "நோயாளிக்குச் சொல்லட்டுமா?" என்று அவர் கேட்டபோது, வேண்டாம் என்று முந்திக்கொண்டவன் நான். ராஸியின் கூற்றை எடுத்துச் சொல்லி, தயங்கிய மூத்த சகோதரரையும் இணங்கச் செய்தேன். வாப்பாவிடம் குடற்புண் என்றோம். நான்கு மாதங்கள் அவர் அந்தக் குடற்புண்ணுக்கே மருந்து உண்டார்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் எங்கள் தெருவைச் சேர்ந்த ஒரு கைம்பெண் தயங்கித் தயங்கி வந்தார். தம் மகளுக்கென்று சேர்த்த நகையை வாப்பாவிடம் அமானிதமாகக் கொடுத்து வைத்திருப்பதாகச் சொன்னார். இரும்புப் பெட்டியைத் திறந்தோம். துணியில் முடிந்த மூன்று முடிச்சுகள் இருந்தன. எதிலும் பெயர் இல்லை. அந்த அம்மையார் தம்முடையதை அடையாளம் சொல்லிப் பெற்றுச் சென்றார். மற்ற இரண்டுக்கும் உரியவர் இன்றுவரை வரவில்லை. ஜமாஅத்தில் அறிவித்தும் பயனில்லை. அவை யாருடையவை என்று சொல்ல வாப்பாவுக்கு நான்கு மாத அவகாசம் இருந்தது. அந்த அவகாசத்தை நோய் பறிக்கவில்லை, நாங்கள் பறித்தோம். அதன் பின்னரே ராஸியின் கூற்றை மாணவனைப் போல மீண்டும் சொல் சொல்லாகப் படிக்கத் தொடங்கினேன்.

சொற்கள் சொல்வது என்ன?

கூற்றின் உயிர்நாடி மூன்று சொற்களில் இருக்கிறது. முதலாவது 'யூஹிமு'. 'வஹ்ம்' என்ற வேரிலிருந்து வந்த இவ்வினை, ஒன்றை மனத்தில் எண்ணமாகத் தோன்றச் செய்வதைக் குறிக்கும். உறுதியான செய்தியாக அறிவிப்பதற்கு அரபியில் 'இக்பார்' என்றும், பொய்யுரைப்பதற்கு 'கிதப்' என்றும் தனிச் சொற்கள் உண்டு. மொழியறிந்த ராஸி அவ்விரண்டையும் இங்கே ஆளவில்லை. முகமலர்ச்சி, மென்மையான பேச்சு, நாளையும் வந்து பார்ப்பேன் என்ற உறுதிமொழி ஆகியவற்றாலும் ஓர் எண்ணத்தை ஊட்டலாம். 'வஹ்ம்' என்ற சொல்லுக்குள் மாயத் தோற்றம் என்ற சாயலும் உண்டு என்பதை மறுக்க முடியாது. எனவே இந்த ஒரு சொல்லை மட்டும் கொண்டு தீர்ப்பளிக்க இயலாது. அடுத்த இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இரண்டாவது சொல் நம்பிக்கை அளித்தலைக் குறிக்கும் 'தர்ஜியா'. இதன் வேர் 'ரஜா'. நம் அகீதா நூல்களில் 'ரஜா' எப்போதும் 'கவ்ஃப்' என்னும் அச்சத்தோடு இணைந்தே பேசப்படுகிறது. விளைவு தெரியாத இடத்தில்தான் ரஜாவுக்கு வேலை. முடிவு அறுதியாகத் தெரிந்துவிட்டால் அங்கே ரஜாவும் இல்லை, கவ்ஃபும் இல்லை.

மூன்றாவதே முடிவைத் தருவது. தமக்கு உறுதி இல்லாதபோதும் என்று சொல்ல ராஸி ஆண்ட தொடர் 'ஃகைர் வாஸிக்'. நலமடைவார் என்பதில் உறுதியில்லாதவர் என்பது அதன் பொருள். நலமடையமாட்டார் என்பதில் உறுதியுள்ளவர் என்பது அதன் பொருளன்று. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தொலைவு பெரிது. ஐயத்தில் நிற்கும் மருத்துவர் தம் ஐயத்தை நோயாளியின் தலையில் சுமத்தாமல், நல்ல பக்கத்தைக் காட்டட்டும் என்றே ராஸி சொல்கிறார். நோய் இன்னதென்று திட்டமாகக் கண்டறிந்த மருத்துவர் அதற்கு வேறு பெயர் சூட்டட்டும் என்று அவர் சொல்லவில்லை. புற்றுநோயைக் குடற்புண் என்று நாங்கள் சொன்னது இக்கூற்றின் எந்தச் சொல்லுக்குள்ளும் அடங்காது.

அதே ராஸியின் மற்றொரு கூற்று

ஓர் ஆசிரியரின் ஒரு கூற்றை அவருடைய மற்ற கூற்றுகளோடு வைத்துப் பார்க்க வேண்டும் என்பது நம் மத்ரஸாக்களின் முதற்பாடம். மாணவர் ஒருவருக்கு ராஸி எழுதிய மடல் 'அக்லாகுத் தபீப்' என்ற பெயரில் நமக்குக் கிடைத்திருக்கிறது. மருத்துவர் மக்களிடம் மென்மையாக நடக்க வேண்டும், அவர்களின் மறைவானவற்றைப் பேண வேண்டும், இரகசியங்களைக் காக்க வேண்டும் என்று அதில் அறிவுறுத்துகிறார். அதற்கு அவர் கூறும் காரணமே நம் கவனத்துக்குரியது. சிலர் தம் நோயைத் தந்தை, தாய், பிள்ளை போன்ற மிக நெருங்கியவர்களிடமிருந்தும் மறைப்பார்கள். வேறு வழியில்லாமல் மருத்துவரிடம் மட்டும் வெளியிடுவார்கள் என்கிறார்.

பிள்ளையும் அந்தப் பட்டியலில் இருக்கிறான். நோயாளியின் அனுமதியின்றி அவருடைய மகனிடமும் சொல்லலாகாத செய்தி உண்டு என்பதை ராஸி வெளிப்படையாகக் கூறுகிறார். இவ்விரு கூற்றுகளையும் அருகருகே வைத்தால் நம் மருத்துவமனைத் தாழ்வாரங்களில் நடப்பது எவ்வளவு தலைகீழானது என்பது விளங்கும். பிள்ளைகளிடம் மறைக்கத்தக்கதைப் பிள்ளைகளிடம் சொல்கிறோம். உரியவரிடம் சொல்லவேண்டியதை உரியவரிடமிருந்து மறைக்கிறோம். மருத்துவ அறநூல்கள் வாய்மையை ஓர் இயலாகவும் இரகசியம் காத்தலை வேறோர் இயலாகவும் பிரித்து எழுதுவதால், இவை இருவேறு கடமைகள் என்று தோன்றுகிறது. நடைமுறையில் இரண்டும் ஒரே செயலால் முறிகின்றன. இரகசியத்தின் உடைமையாளர் யார் என்பதை மறந்ததே அந்த ஒரு செயல்.

ஒருவர் ஒரு செய்தியைச் சொல்லிவிட்டுச் சுற்றுமுற்றும் திரும்பிப் பார்த்தால் அச்செய்தி அமானிதம் என்ற கருத்திலமைந்த ஹதீஸ் அபூதாவூதிலும் திர்மிதியிலும் இடம்பெற்றுள்ளது. காப்பாற்று என்று வாய் திறந்து கேட்கவும் வேண்டியதில்லை. அந்தத் திரும்பிப் பார்த்தலே போதும். மருத்துவரிடம் தன் உடலைத் திறந்து காட்டும் நோயாளியைவிட இதற்குப் பொருத்தமானவர் யார்? அமானிதத்தின் இலக்கணம் இரண்டு: உரியவரல்லாதவரிடம் கொடுக்காதிருத்தல், உரியவர் வரும்போது திருப்பித் தருதல். நகையானாலும் செய்தியானாலும் இலக்கணம் ஒன்றே.

அனுமதிக்கப்பட்ட பொய்யா?

இவ்விடத்தில் ஒரு தடை எழுப்பப்படும். நன்மை கருதிச் சொல்லும் பொய்யை மார்க்கம் அனுமதிக்கிறதே என்பார்கள். போர், மக்களிடையே இணக்கம் செய்தல், கணவன் மனைவி உரையாடல் ஆகிய மூன்று இடங்கள் ஹதீஸில் விலக்காகக் குறிப்பிடப்படுகின்றன. நோயாளி அம்மூன்றில் இல்லை. இருப்பினும் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) 'இஹ்யா'வில் நாவின் கேடுகளைப் பேசுமிடத்தில் இவ்விலக்கை ஒரு பொதுவிதியாக விரிக்கிறார். பேச்சு என்பது நோக்கங்களை அடையும் வழி. ஒரு நன்னோக்கத்தை உண்மையாலும் அடையலாம், பொய்யாலும் அடையலாம் என்றால் பொய் ஹராம். பொய்யாலன்றி அடையவே முடியாது என்னும்போதுதான் அனுமதி என்பது அவ்விதியின் சாரம். அதன் பின்னரும், இயன்றவரை அதைத் தவிர்க்குமாறு எச்சரிக்கிறார்.

தமிழ் வாசகருக்கு இங்கே குறளின் வாய்மை அதிகாரம் நினைவுக்கு வரும். பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறலாம் என்று வள்ளுவரும் இடமளிக்கிறார். ஆனால் அது தரும் நன்மை குற்றமற்றதாக இருக்கவேண்டும் என்று ஒரு நிபந்தனையை முன்வைத்தே அவ்வாறு சொல்கிறார். நிபந்தனையை விட்டுவிட்டு அனுமதியை மட்டும் எடுத்துக்கொள்வது கஸ்ஸாலிக்கும் நாம் செய்யும் அநீதி. வள்ளுவருக்கும் நாம் செய்யும் அநீதி.

அவ்விதியின்படி கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே. நோயாளிக்கு ஆறுதலும் நம்பிக்கையும் பொய்யால் மட்டுமே தரமுடியுமா? வலியைக் குறைக்க முடியும், கைவிடமாட்டோம், இந்நோயோடு பல மாதங்கள் வாழ்ந்தோர் உண்டு, ஆயுள் அல்லாஹ்வின் கையில் இருக்கிறது. இவை அனைத்தும் உண்மைகள். இவை அனைத்தும் நம்பிக்கை தருபவை. உண்மையால் அடையக்கூடிய இடத்துக்குப் பொய்யின் வழியே செல்ல கஸ்ஸாலி அனுமதிக்கவில்லை.

நாங்கள் தந்த நன்மை குற்றமற்றதும் அன்று. மரண நோயில் கிடப்பவருக்கு ஷரீஅத் தனிச் சட்டங்களை வகுத்திருக்கிறது. அந்நிலையில் அவர் வழங்கும் கொடைகள் சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் கட்டுப்படுகின்றன. ஒரு நோய் அத்தகைய அச்சத்துக்குரியதா என்பதில் ஐயம் எழுந்தால், நேர்மையான இரு மருத்துவர்களின் சொல்லைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும் என்று இமாம் நவவீ (ரஹ்) 'மின்ஹாஜ்' நூலில் எழுதுகிறார். மருத்துவரின் வாய்மை மீது நம் ஃபிக்ஹு நூலோர் ஒரு சட்டக் கட்டடத்தையே எழுப்பியிருக்கிறார்கள். வஸிய்யத் செய்வதற்குரிய பொருள் வைத்திருப்பவர் அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகள்கூடக் கழிக்கலாகாது என்பது புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள நபிமொழியின் கருத்து. இக்கடமையை நல்ல உடல்நலத்தோடு இருக்கும்போதே செய்யவேண்டும் என்பது உண்மையே. வாப்பாவும் முன்பே எழுதி வைத்திருக்கலாம். ஆனால் நலமாக இருந்தபோது தள்ளிப்போட்டவருக்குக் கடைசியாகக் கிடைக்கும் எச்சரிக்கையையும் மறைக்கும் உரிமையை நமக்கு யார் தந்தது?

உமர் (ரழி) அவர்களின் மருத்துவர்

மரணப் படுக்கையில் இருப்பவரிடம் உண்மை சொல்வது மேற்கின் வழக்கம் என்போர் ஹிஜ்ரி 23ஆம் ஆண்டுக்குத் திரும்பிப் பார்க்க வேண்டும். கலீஃபா உமர் (ரழி) அவர்கள் சுப்ஹுத் தொழுகையில் குத்தப்பட்டு வீட்டுக்குக் கொண்டுவரப்பட்டபோது, முதலில் பேரீச்ச ஊறல் புகட்டப்பட்டது. காயத்தின் வழியே வெளிவந்தது இரத்தமா ஊறலா என்று தெளிவாகவில்லை. பின்னர் அன்ஸாரிகளில் பனூ முஆவியா குலத்தைச் சேர்ந்த மருத்துவர் ஒருவர் பாலைப் புகட்டினார். அது காயத்தின் வழியே வெண்மையாகவே வெளிவந்தது. அவர் கலீஃபாவை நேராக நோக்கி, இறுதி வஸிய்யத்தைச் செய்துவிடுமாறு கூறினார். அம்மனிதர் தம்மிடம் உண்மை உரைத்தார் என்றும், வேறு விதமாகச் சொல்லியிருந்தால் அவரைப் பொய்யராகவே கொண்டிருப்பேன் என்றும் உமர் (ரழி) அவர்கள் சொன்னதாக இமாம் அஹ்மதின் முஸ்னதில் வருகிறது.

அந்த ஓர் உண்மைச் சொல்லுக்குப் பிறகு கிடைத்த குறுகிய நேரத்தில் என்னென்ன நிகழ்ந்தன என்பது புகாரியில் விரிவாகப் பதிவாகியுள்ளது. மகன் அப்துல்லாஹ்வை (ரழி) அழைத்துத் தம் கடனைக் கணக்கிடச் சொன்னார்கள். ஏறத்தாழ 86,000 என்று கணக்கு வந்தது. யார் யாரிடம் பெற்று அதைத் தீர்க்கவேண்டும் என்று வரிசைப்படுத்தினார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அருகே அடக்கப்பட அன்னை ஆயிஷா (ரழி) அவர்களின் இசைவை வேண்டினார்கள். அடுத்த கலீஃபாவைத் தேர்ந்தெடுக்க அறுவர் குழுவை அமைத்தார்கள். அந்த மருத்துவர் உண்மையை மறைத்துப் பிள்ளைகளிடம் மட்டும் கிசுகிசுத்திருந்தால் இவற்றுள் எது நடந்திருக்கும்? கடனும் ஆட்சியும் அமானிதங்கள். உரியவரிடம் அவற்றை ஒப்படைக்க அவகாசம் தந்தது ஒரு மருத்துவரின் வாய்மை.

நோய் விசாரிக்கச் செல்வோர் நோயாளியின் ஆயுளைப் பற்றி நல்வார்த்தை கூறி மனத்தைத் தேற்ற வேண்டும் என்ற கருத்தில் திர்மிதியிலும் இப்னுமாஜாவிலும் ஓர் அறிவிப்பு உண்டு. அதன் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது. அதை ஏற்றுக்கொண்டாலும் அது விசாரிக்க வருவோருக்கான ஒழுக்கம். நோயைக் கண்டறிந்து சொல்லும் பொறுப்பேற்றவருக்கான விதியாக அதைக் கொள்வதற்கில்லை.

இரகசியத்தின் எல்லை

இரகசியம் காத்தலுக்கும் எல்லை உண்டு. ஃபாத்திமா பின்த் கைஸ் (ரழி) அவர்கள் தம்மைப் பெண் கேட்ட இருவரைப் பற்றி ஆலோசனை கேட்டபோது, நபி (ஸல்) அவர்கள் அவ்விருவரிடமும் இருந்த குறைகளை மறைக்காமல் சொன்னார்கள். 1993 ஜூனில் புரூணையில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாதமி, மருத்துவத் தொழில்களில் இரகசியம் பற்றி 79ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. இரகசியம் அமானிதம் என்பதே அதன் அடிப்படை. மறைப்பதால் விளையும் தீங்கு வெளியிடுவதால் விளையும் தீங்கைவிடப் பெரிதாகும் இடங்களே விலக்குகள். நம் நாட்டு உச்ச நீதிமன்றமும் 1998இல், எச்.ஐ.வி. தொற்றுள்ள ஒருவரைப் பற்றிய செய்தி அவர் மணக்கவிருந்த பெண்ணின் தரப்புக்குத் தெரிந்துவிட்ட வழக்கில், அந்தரங்க உரிமையைவிட அப்பெண்ணின் உயிர் பெரிது என்று கருதியது.

இவ்விலக்குகள் அனைத்துக்கும் பொதுவான கூறு ஒன்று உண்டு. தீங்குக்கு ஆளாகக்கூடிய மூன்றாமவர் ஒருவர் இருக்கிறார். புற்றுநோயாளியின் பிள்ளைகளுக்கு அந்நோயால் அத்தகைய தீங்கு எதுவுமில்லை. அவர்களிடம் இருப்பது அன்பு. அன்பு ஒருபோதும் பிறருடைய அமானிதத்தின் மீது உரிமையைத் தராது.

இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு ஒழுக்க விதிகளையும் இவ்வகையில் திறனாய வேண்டியிருக்கிறது. நோயின் கடுமையைக் கூட்டியும் சொல்லக்கூடாது, குறைத்தும் சொல்லக்கூடாது என்று அவை கூறுவது மிகச் சிறந்த வழிகாட்டல். ஆனால் நிலைமை யாருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்லுமிடத்தில், நோயாளி, உறவினர், பொறுப்புள்ள நண்பர் ஆகியோரை 'அல்லது' என்ற சொல்லால் இணைக்கின்றன. நோயாளிக்குச் சொல்லாமல் உறவினருக்குச் சொன்னாலும் விதி நிறைவேறிவிடுகிறது. 2023 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட புதிய விதிகள் அம்மாதமே நிறுத்திவைக்கப்பட்டு, இப்பழைய விதிகளே மீண்டும் நடைமுறைக்கு வந்தன. அந்த 'அல்லது' என்ற சிறு சொல்லின் நிழலில்தான் நம் தாழ்வாரப் பேச்சுகள் நடக்கின்றன. இதற்கு நேர்மாறான ஓர் ஏற்பாட்டை ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த இஸ்ஹாக் இப்னு அலீ அர்ருஹாவி தம் 'அதபுத் தபீப்' நூலில் விவரிக்கிறார். மருத்துவர் ஒவ்வொரு வருகையின்போதும் நோயின் நிலையையும் தாம் கொடுத்த மருந்தையும் எழுதி, அதன் படியை நோயாளியின் தரப்பில் விட்டுச் செல்ல வேண்டும். நோயாளி இறந்தால் அக்குறிப்புகளை வேறு மருத்துவர்கள் ஆராய்ந்து தீர்ப்பளிப்பார்கள். எழுதிக் கொடுத்ததை மறைக்க முடியாது என்பதே அதன் பயன்.

எல்லா நோயாளிகளிடமும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட வேண்டும் என்பது என் கருத்தன்று. தெரிந்துகொள்ள விரும்பாதவர்களும் உண்டு. அவர்களுடைய விருப்பமும் அவர்களுடைய அமானிதமே. ஆனால் அதை அவர்களிடமே கேட்டறிய வேண்டும். உங்கள் நோயைப் பற்றி எவ்வளவு அறிய விரும்புகிறீர்கள், யாரிடம் சொல்லலாம் என்று சிகிச்சையின் தொடக்கத்திலேயே மருத்துவர் கேட்டுவிட்டால் பிள்ளைகளின் மீது அச்சுமை விழாது. ராஸி கேட்கும் மென்மை அதற்குப் பின்னர் சொல்லும் முறையில், சொல்லும் வேகத்தில், உடனிருக்கும் கனிவில் வெளிப்படட்டும்.

மருத்துவம் பயிலும் நம் பிள்ளைகளுக்கு ராஸியின் கூற்றைக் கற்பிக்கும்போது அதன் இரு பாதிகளையும் கற்பிப்போமாக. நம்பிக்கையை ஊட்டு, இரகசியத்தை அதன் உடைமையாளருக்காகக் காப்பாற்று. உடைமையாளரிடமிருந்தே அதைக் காப்பாற்ற ராஸி சொல்லவில்லை. பெயரில்லாத இரண்டு முடிச்சுகளும் இன்னும் எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில் இருக்கின்றன. அவற்றின் உரியவர்களை அல்லாஹ் அறிவான். அதை எங்களுக்குச் சொல்லக்கூடியவராக இருந்த ஒருவரை நாங்கள் கேட்காமலேயே அனுப்பிவிட்டோம்.